தொற்றுக் காலத்தில் மலக்குடல் ஆபரேஷன்: ஒரு லாரி புக்கிங் ஆபீஸ்காரனின் நோட்டு

கோவில்பட்டியில் லாரி புக்கிங் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவன் நான். தீப்பெட்டி பண்டல் எத்தனை, எந்த வண்டி, எந்தச் செக்போஸ்டில் எத்தனை மணி நேரம் நின்றது என்று எழுதியே இருபது வருஷம் ஓடிவிட்டது. 2020 ஜூனில் அம்மாவுக்கு மலக்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே வேலையைத்தான் செய்தேன். நூறு பக்க நோட்டு ஒன்று வாங்கி முதல் பக்கத்தில் தேதி போட்டேன். அம்மாவுக்கு அப்போது 64 வயது.

அந்த நோட்டிலிருந்துதான் இதை எழுதுகிறேன். மருந்தின் அளவு எதையும் இதில் எழுதவில்லை. அதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்வது டாக்டரின் வேலை. ஆபரேஷன் மேஜை வரைக்கும் ஆளைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், பிறகு வீட்டில் வைத்துத் தேற்றுவதும் நம் வேலை. சாதாரண நாளில் அதற்கு ஒரு ஆட்டோவும் ஒரு பிளாஸ்கும் போதும். ஊரடங்கில் அதற்குப் பாஸ், டெஸ்ட், ரத்தம், பை என்று நூறு வேலை இருந்தது.

மூலம் என்று நாமே முடிவு கட்டக் கூடாது

அம்மாவுக்கு மார்ச்சிலேயே ரத்தம் போக ஆரம்பித்திருக்கிறது. சொல்லவில்லை. வெந்தயத்தை மோரில் ஊறவைத்துக் குடித்தாள். "சூடுய்யா, மூலச்சூடு" என்றாள். மெடிக்கலில் ஒரு களிம்பு கொடுத்தார்கள். டாக்டரைப் போனில் கேட்டோம். அவரும் மூலத்துக்கே மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். விரலை விட்டுப் பார்க்க வேண்டிய சோதனையைப் போனில் எப்படிச் செய்வது?

கவனிக்க வேண்டியவை இவை. ரத்தம் மலத்தோடு கலந்து, கருஞ்சிவப்பாக, சளியோடு வருகிறதா? போய்விட்டு வந்த பத்தாவது நிமிஷம் இன்னும் பாக்கி இருப்பது போலத் தோன்றுகிறதா? மலம் ஒல்லியாகிவிட்டதா? எடை குறைகிறதா? இதில் ஒன்றிரண்டு இருந்து, வயதும் ஐம்பதைத் தாண்டியிருந்தால், களிம்பை மூடி வைத்துவிட்டு நேரில் போய்விடுங்கள். "டாக்டர், விரல் வைத்துப் பார்த்துவிடுங்கள்" என்று வாயைத் திறந்து கேளுங்கள். கூச்சப்பட்டால் நாள்தான் போகும். மலக்குடல் கட்டிகளில் நிறையவற்றை அந்த ஒரு விரலிலேயே தொட்டுவிட முடியும். கூடவே ஹீமோகுளோபினும் பார்த்துவிடுங்கள். அம்மாவுக்கு 8.4 இருந்தது. மூலத்தில் சும்மா அவ்வளவு இறங்காது என்று சொன்னவர் ரத்தம் எடுத்த லேப் பையன்தான்.

அடுத்தது கொலோனோஸ்கோப்பி, ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கிற சோதனை. அந்த நாட்களில் எல்லா இடத்திலும் "அவசரக் கேஸ் மட்டும்" என்றார்கள். போனில் "ரத்தம் போகுது சார்" என்றால், "ஒரு மாசம் கழிச்சுப் பேசுங்க" என்ற பதில்தான் வரும். வழி என்னவென்றால், விரல் வைத்துப் பார்த்த டாக்டரிடம் நாலு வரிக் கடிதம் வாங்குவது. வயது, எத்தனை வாரமாக ரத்தம், ஹீமோகுளோபின் எவ்வளவு, விரலில் கட்டி தட்டுப்பட்டது என்ற நாலும் அதில் இருக்க வேண்டும். அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். மூன்றாம் நாளே திருநெல்வேலியில் தேதி கிடைத்தது. எங்கள் தொழிலில் பில் இல்லாமல் சரக்கு நகராது. ஆஸ்பத்திரியும் அப்படித்தான்.

பெக்லெக் ராத்திரி

கொலோனோஸ்கோப்பிக்கு முந்தின நாள் குடலைக் கழுவ பெக்லெக் பவுடர் கொடுப்பார்கள். ஒரு டப்பாவை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, கால் மணிக்கு ஒரு டம்ளர் வீதம் குடிக்கச் சொன்னார்கள். குளிரவைத்து, எலுமிச்சை வாசனை காட்டிக் கொடுத்தால் இறங்கும். அதற்கு முந்தின நாளிலிருந்தே கீரை, விதையுள்ள காய், பழம் எதுவும் வேண்டாம். சிவப்பு நிறச் சர்பத்தும் வேண்டாம். உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

நாங்கள் இருப்பது காம்பவுண்டு வீடு. ஐந்து குடும்பம், இரண்டு கக்கூஸ். கொரோனா பயத்தில் யாரும் யார் வாளியையும் தொடாத காலம். சாயங்காலம் நாலு மணிக்கே ஒவ்வொரு வாசலிலும் நின்று, "இன்னைக்கு ராத்திரி ஒரு கக்கூஸ் அம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்கு என்று கேட்டவர்களிடம் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் இரண்டு குடம் கொண்டுவந்து வைத்தாள். உங்கள் வீடும் இப்படியென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ராத்திரி பதினொரு மணிக்குக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும் நிலை வரக் கூடாது.

ரிப்போர்ட்டும் மூன்று கேள்விகளும்

கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த துணுக்கின் பயாப்ஸி ரிப்போர்ட் வர ஒரு வாரம் ஆயிற்று. பிறகு நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் சிடி ஸ்கேன், இடுப்புக்கு எம்ஆர்ஐ, ரத்தத்தில் சிஇஏ என்ற புற்றுநோய்க் குறியீட்டுச் சோதனை. மலக்குடல் என்றால் எம்ஆர்ஐ கட்டாயம். கட்டி சுவரைத் தாண்டியிருக்கிறதா என்று அதில்தான் தெரியும். எல்லாவற்றுக்கும் நகல் எடுங்கள், படங்களைக் குறுந்தகட்டில் வாங்குங்கள், பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்த துணுக்கு) எந்த லேபில் இருக்கிறது என்றும் குறித்துக்கொள்ளுங்கள். ஊரடங்கில் ஒரு ஆஸ்பத்திரியில் தொற்று வந்து மூடிவிட்டால் அடுத்த ஆஸ்பத்திரிக்கு இதோடுதான் போக வேண்டியிருந்தது.

மதுரையில் சர்ஜனைப் பார்க்க நாங்கள் பாஸ் கேட்ட வாரம், மதுரை மாநகரில் முழு ஊரடங்கு. ஜூன் 24-இல் தொடங்கியது, நீட்டி நீட்டி ஜூலை நடு வரை போனது. முதல் பேச்சு வீடியோவில்தான். நான் மூன்றே கேள்விகளை எழுதி வைத்துக் கேட்டேன். கட்டி ஆசனவாயிலிருந்து எத்தனை சென்டிமீட்டர்? ஆபரேஷன் தள்ளினால் எவ்வளவு தள்ளலாம்? தள்ளுகிற நாளில் வேறு வைத்தியம் ஏதாவது நடக்குமா?

ஏழு சென்டிமீட்டர் என்றார். மூன்றாவது கேள்விக்கு வந்த பதில்தான் எங்களைக் காப்பாற்றியது. மலக்குடல் கட்டிக்குப் பல சமயம் முதலில் கதிர்வீச்சு கொடுத்துவிட்டுத்தான் ஆபரேஷன். வழக்கமான முறையில் அது ஐந்து வாரத்துக்கு மேல் ஓடும், தினமும் ஆஸ்பத்திரி. இன்னொரு முறையில் ஐந்தே நாள், தினம் 5 கிரே (கதிர்வீச்சின் அளவு), மொத்தம் 25. அதன்பின் ஆபரேஷனைச் சில வாரம் தள்ளலாம். அதற்குள் கட்டி சுருங்க வாய்ப்பு உண்டு. தொற்றுக் காலத்தில் பல நாடுகளில் டாக்டர்கள் இந்தக் குறுகிய முறைக்கே போனார்கள். மலக்குடலுக்கு மேலே, பெருங்குடலில் கட்டி இருப்பவர்களுக்கு இந்த வசதி பெரும்பாலும் கிடையாது. அங்கே நேராக ஆபரேஷன்தான்.

அவசரம் ஒரு பக்கம், பயம் இன்னொரு பக்கம் என்றால் இரண்டுக்கும் எண் இருக்கிறது. 2020 மே கடைசியில் லான்செட் இதழில் வந்த ஆய்வில், ஆபரேஷன் சமயத்தில் கொரோனா தொற்று இருந்த 1,128 பேரைப் பார்த்தார்கள். முப்பது நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். அதனால்தான் டெஸ்ட், தனிமை என்று அவ்வளவு கெடுபிடி. அதே வருஷம் நவம்பரில் பிஎம்ஜே இதழில் இன்னொன்று வந்தது: புற்றுநோய் ஆபரேஷன் நாலு வாரம் தள்ளிப்போனால், இறப்பு அபாயம் ஆறிலிருந்து எட்டு சதவீதம் கூடுகிறது. அம்மாவுக்கு எதையும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தேன்.

பாஸும் ஞாயிற்றுக்கிழமையும்

கதிர்வீச்சு ஜூலை 20 திங்களிலிருந்து 24 வெள்ளி வரை. லாட்ஜ் எதுவும் திறக்கவில்லை. மதுரையில் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்த நேரத்தில் வாய்விட்டுக் கேட்க மனசு வரவில்லை. தினமும் நூறு கிலோமீட்டர் போய், நூறு கிலோமீட்டர் திரும்பினோம். சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நால்வழிச் சாலையில் லாரிகளும் ஆம்புலன்ஸும்தான்.

அப்போது மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டியிருந்தது. மருத்துவக் காரணம் என்று போட்டு, ஆஸ்பத்திரிக் கடிதத்தையும் ஆதாரையும் ஏற்ற வேண்டியிருந்தது. கடிதத்தில் தேதிகள் தெளிவாக இருக்க வேண்டும் என்றார்கள். "சிகிச்சையில் உள்ளார்" என்று மொட்டையாக இருந்த முதல் கடிதத்துக்குப் பாஸ் கிடைக்கவில்லை. ஐந்து தேதியையும் எழுதி வாங்கிப் போட்டதும் வந்துவிட்டது. பெயர் ஆதாரில் உள்ளபடி, வண்டி நம்பர், டிரைவர் பெயர் எல்லாம் சரியாக இருக்க வேண்டியிருந்தது. பாஸைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொண்டேன். செக்போஸ்டில் போன் சார்ஜ் தீர்ந்து நிற்பவர்களை லாரிக்காரர்களிடையே நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த ஜூலை, ஆகஸ்டில் ஞாயிறு முழுவதும் தளர்வில்லாத ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு எதையும் மிச்சம் வைக்கவில்லை. மருந்து, பழம், பெட்ரோல், பணம் எல்லாம் சனிக்கிழமையே.

கதிர்வீச்சு அறையில் சில நிமிஷ வேலைதான். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கச் சொல்வார்கள். நூறு கிலோமீட்டர் வந்த அம்மாவுக்கு அது பெரும்பாடு. காரில் வரும்போது குடிக்காமல், ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியபின் குடிக்கவைத்தால் சரியாக வரும் என்று இரண்டாம் நாள் கண்டுபிடித்தோம்.

காத்திருந்த எட்டு வாரம்

சர்ஜன் இந்த நாட்களைச் சும்மா விடச் சொல்லவில்லை. ரத்தசோகைக்கு இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றினார்கள். காலையும் மாலையும் மொட்டைமாடியில் அரை மணி நடை. மூன்று பந்து உள்ள ஊதுகுழாய் ஒன்று வாங்கச் சொன்னார்கள். ஊதக் கூடாது, மூச்சை உள்ளே இழுத்துப் பந்தைத் தூக்க வேண்டும். எல்லா வீட்டிலும் முதலில் ஊதித்தான் பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க இது உதவும்.

அப்புறம், கபசுரக் குடிநீர். அப்போது தெருவுக்குத் தெரு அண்டாவில் கொடுத்தார்கள்; அம்மா தினமும் குடித்தாள். சர்ஜனிடம் சொன்னதும், நிறுத்திவிடச் சொன்னார். கஷாயமோ லேகியமோ, உங்கள் வீட்டில் எது குடித்தாலும் மயக்க மருந்து டாக்டரிடம் ஒன்று விடாமல் சொல்லுங்கள். ரத்தத்தை இளக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எந்த நாளில் எதை நிறுத்துவது என்பதை எழுதி வாங்குங்கள்.

கடைசி இரண்டு வாரம் வீட்டுக்குள் யாரும் வரவில்லை, நாங்களும் வெளியே போகவில்லை. நான் ஆபீஸுக்கு லீவு போட்டேன். சம்பளம் பிடித்தார்கள். போகட்டும்.

டெஸ்ட், ரத்தம், பில்

ஆபரேஷன் செப்டம்பர் 15 என்று குறித்திருந்தார்கள். கொரோனாவுக்கான ஆர்டி-பிசிஆர் முடிவு 72 மணி நேரத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்பது அப்போதைய விதி. எங்கள் பக்கத்தில் ஒரு லேபில் சனிக்கிழமை காலையே கொடுத்துவிட்டோம். முடிவு வந்தது செவ்வாய் மத்தியானம். 72 மணி முடிந்திருந்தது. திரும்பவும் மூக்கில் குச்சி, திரும்பவும் காத்திருப்பு. ஆபரேஷன் 18-ஆம் தேதிக்குப் போயிற்று. இதில் நான் செய்த தப்பு, எத்தனை மணி நேரத்தில் முடிவு தருவீர்கள் என்று லேபில் கேட்காமல் விட்டதுதான். ஆபரேஷன் நடக்கிற ஆஸ்பத்திரியிலேயே, அட்மிட் ஆகிற அன்று கொடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தனியார் லேபில் அரசு நிர்ணயித்த விலை அப்போது 3,000 ரூபாய். காப்பீட்டு அட்டை உள்ளவர்களுக்கு 2,500. துணைக்கு இருப்பவருக்கும் அப்போது டெஸ்ட் உண்டு, அதுவும் கணக்கில் சேர்ந்தது. பாசிட்டிவ் வந்தால் ஆபரேஷனை ஏழு வாரமாவது தள்ளுவது நல்லது என்று 2021 மார்ச்சில் ஒரு பெரிய ஆய்வு சொன்னது. எவ்வளவு தள்ளலாம் என்பது கட்டியைப் பொறுத்து சர்ஜன் எடுக்கிற முடிவு.

ரத்த முகாம்களே நடக்காத காலம். ரத்த வங்கியில் ஆள் கொண்டுவரச் சொன்னார்கள். அம்மாவின் ரத்தம் ஓ நெகட்டிவ். எங்கள் ஆபீஸ் லாரி டிரைவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். மதுரையில் லோடு இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் லுங்கியோடு வந்து கொடுத்துவிட்டுப் போனார். உங்கள் ஆளின் ரத்த வகை அபூர்வமானதென்றால் ஒரு மாதம் முன்பே தேட ஆரம்பியுங்கள்.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் முதல் நாளே காட்டுங்கள். குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு. எங்களுக்கு அது இல்லை. அப்போது வருட வருமானம் 72,000-க்குள் இருக்க வேண்டும், 2022-இல்தான் 1,20,000 ஆக்கினார்கள். கையிலிருந்து கட்டினோம். பில்லில் பாதுகாப்பு உடை என்று தினமும் ஒரு தொகை ஏறியிருந்தது. ஒரே கவச உடையோடு ஆறு அறைக்குப் போன சிஸ்டருக்கு ஆறு பில்லிலும் உடைக் காசு. கேட்டதும் கொஞ்சம் குறைத்தார்கள். முன்பே "இதெல்லாம் சேர்த்து எவ்வளவு" என்று எழுத்தில் வாங்கியிருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை.

பாவாடை நாடா

ஒரு துணை மட்டும், அவரும் மாறக் கூடாது என்றார்கள். எங்கள் பையனுக்கு அப்போது ஐந்து வயது. மனைவியால் வர முடியவில்லை. கோயம்புத்தூரில் இருக்கும் தங்கை வருகிறேன் என்றாள், அவள் வீட்டிலேயே ஒருவருக்குக் காய்ச்சல். பெண்கள் வார்டில் ஆண் துணைக்கு இடம் கிடையாது. அதனால் தனி அறை எடுத்து நானே இருந்தேன். போகும்போது கெட்டில், பாய், நீளமான சார்ஜர் வயர், ஒரு வாரத்துக்கு உடுப்பு, பிஸ்கட், பிளாஸ்டிக் கவர் ஒரு கட்டு எடுத்துக்கொள்ளுங்கள். கேன்டீன் திறந்திருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

குடலை வெட்டி இணைத்த இடம் ஆறும் வரை மலம் அந்தப் பக்கம் போகாமல் இருக்க, சிறுகுடலின் ஒரு மடிப்பை வயிற்றில் வெளியே எடுத்து வைப்பார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அதைச் சுற்றித் தோலில் பிசின் தட்டு ஒட்டி, அதன்மேல் பை வைப்பார்கள். தற்காலிகம்தான். அதை எங்கே எடுப்பது என்பதை ஆபரேஷனுக்கு முன்பே பேனாவால் குறிக்கிறார்கள். இந்த இடத்தில் சொல்கிறேன், நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: படுக்கவைத்து மட்டும் குறிக்க விடாதீர்கள். உட்காரவைத்து, குனியவைத்து, புடவை கட்டவைத்துக் குறிக்கச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்த ஸ்டோமா சிஸ்டர் கெட்டிக்காரி. "அம்மா, பாவாடையை எங்க முடிவீங்க, முடிஞ்சு காட்டுங்க" என்றார். அம்மா முடிந்த நாடா, போட்டிருந்த புள்ளியின் மேலேயே போனது. இரண்டு விரல் கீழே தள்ளிக் குறித்தார். அந்த இரண்டு விரல் இல்லாவிட்டால் ஆறு மாதமும் நாடா பையை அறுத்துக்கொண்டே இருந்திருக்கும்.

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். மூன்றாம் நாள் சிஸ்டர் எனக்குப் பை மாற்றக் காட்டினார். அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏய்யா, இதையெல்லாம் நீயா பாக்கணும்?"

"லாரிக்குத் தார்ப்பாய் கட்டுற கை தாம்மா. இது சின்னக் கட்டு" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

வெளியே தெரியும் குடல், பழுத்த நாட்டுத் தக்காளிச் சிவப்பில், கன்னத்தின் உள்பக்கம் போல ஈரமாக இருக்க வேண்டும். தொட்டால் வலிக்காது, லேசாக ரத்தம் கசிந்தாலும் பயமில்லை. ஊதா அல்லது கறுப்பாக மாறினால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது.

மாற்றும் நேரம் விடியற்காலை, காப்பி குடிக்கும் முன். அப்போதுதான் வரத்து குறைவு. பழைய வேட்டியைச் சதுரமாகக் கிழித்து வைத்துக்கொள்ளுங்கள். வெறும் வெதுவெதுப்பான தண்ணீர் போதும். டெட்டால், எண்ணெய்ச் சோப்பு, பவுடர் எதுவும் வேண்டாம், பிசின் ஒட்டாது. தட்டை மேலிருந்து கீழாக, தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டே உரியுங்கள். துடைத்து நன்றாகக் காயவிடுங்கள். அளவு அட்டையை வைத்துக் குடலின் அளவு எடுத்து, தட்டில் அதைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக ஓட்டை வெட்டுங்கள்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். வீட்டுக்கு வந்த நாலாம் நாள், குடலில் கத்தரி பட்டுவிடுமோ என்று பயந்து ஓட்டையைத் தாராளமாக வெட்டிவிட்டேன். ராத்திரி இரண்டு மணிக்கு அம்மா எழுப்பினாள். பாய், போர்வை எல்லாம் நனைந்திருந்தது. சிறுகுடல் நீர் தோலைப் பொசுக்கிவிடும். காலையில் பார்த்தால் குடலைச் சுற்றி வளையமாக வெந்த புண். வீடியோவில் சிஸ்டர் பார்த்துவிட்டு, ஸ்டோமா பவுடர் தூவி, அதிகமானதைத் தட்டிவிட்டு, சரியான அளவில் வெட்டி ஒட்டச் சொன்னார். ஒரு வாரத்தில் ஆறியது. இன்னொன்று, குடல் முதல் ஆறு, எட்டு வாரத்தில் சுருங்கிக்கொண்டே வரும். போன மாதத்து அளவை வைத்து வெட்டக் கூடாது. வாரம் ஒருமுறை அளவெடுங்கள். ஒட்டும் முன் தட்டை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துச் சூடாக்கி, ஒட்டியபின் ஒரு நிமிஷம் அழுத்திப் பிடித்தால் விடாது. எங்களுக்கு ஒரு தட்டு மூன்று, நாலு நாள் வந்தது. பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே காலி செய்துவிடுங்கள். கனம் கூடினால் தட்டையே இழுத்துவிடும்.

இருபது தட்டும் பையும் எப்போதும் கையிருப்பில் இருக்கட்டும். அப்போது கூரியர் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. நான் மதுரை சர்ஜிகல் கடையில் போனில் சொல்லி, எங்கள் வண்டியிலேயே பார்சலாக வரவழைத்தேன். பில்லில் "மருத்துவப் பொருள், 1 பெட்டி" என்று நானே எழுதினேன்.

ஐந்தாம் வாரம் ஒரு காலையில் எழுந்து பார்த்தால், அம்மா கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு தானே மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைவிட நன்றாக வெட்டியிருந்தாள். தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டிய கை.

தாகம் என்றால் தண்ணீர் இல்லை

சிறுகுடலில் பை வைத்தவர்கள் திரும்ப ஆஸ்பத்திரிக்கு ஓடுவது பெரும்பாலும் நீரும் உப்பும் வற்றித்தான். அக்டோபர் இரண்டாம் வாரம் அம்மாவுக்குத் தாகம் தாகமாக எடுத்தது. சொம்பு சொம்பாகப் பச்சைத்தண்ணீர் குடித்தாள். பை நிறைந்துகொண்டே இருந்தது. கெண்டைக்காலில் குரக்களி, எழுந்தால் தலைசுற்றல். வெறும் தண்ணீர் உப்பையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வெளியே போகிறது என்று எனக்கு அப்போது தெரியாது. உள்ளூரிலேயே இரண்டு பாட்டில் சலைன் ஏற்றினார்கள்.

அதிலிருந்து ஒரு பழைய அளவு ஜாடி வைத்து, பையைக் காலி செய்யும்போதெல்லாம் அளந்து எழுதினேன். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன். குடிப்பது ஓஆர்எஸ். பாக்கெட் கிடைக்காவிட்டால் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஆறு மட்டமான டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்புப் போட்ட கஞ்சி, மோர் நல்லது. பழச்சாறு, குளிர்பானம் வேண்டாம், வரத்தைக் கூட்டும். வாழைப்பழம், இட்லி, குழைந்த சோறு வரத்தைக் கெட்டியாக்கும். முதல் ஆறு வாரம் கீரைத்தண்டு, தேங்காய், சோளம், காளான், கடலை எதுவும் கிடையாது, அடைத்துக்கொள்ளும். பையில் எதுவுமே வராமல் வயிறு உப்பி வாந்தி வந்தால் அதுவும் அவசரம்.

கடலை கூடாது என்றதும் அம்மா சிரித்துவிட்டாள். அந்த ஏப்ரலில்தான் எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்திருந்தது.

காம்பவுண்டில் நாங்கள் மதுரையிலிருந்து வந்ததும் கொஞ்ச நாள் யாரும் பேசவில்லை. தொற்று என்று வாசலை அடைத்துத் தகரம் அடிப்பார்களோ என்ற பயம் எல்லோருக்கும். அம்மாவின் நெகட்டிவ் ரிப்போர்ட்டைப் பெரிதாகப் பிரிண்ட் எடுத்து வாசல் கதவில் ஒட்டினேன். அவ்வளவுதான், சாயங்காலமே ரசம் வந்துவிட்டது.

மூடிய பிறகு

ஆபரேஷன் ரிப்போர்ட்டில் எத்தனை நிணநீர்க் கணு எடுத்தார்கள் என்று பாருங்கள். குறைந்தது பன்னிரண்டு இருந்தால் நல்லது. அம்மாவுக்குப் பதினாலு எடுத்து, ஒன்றில் புற்றுநோய் இருந்தது. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி வர வேண்டாமென்று கீமோவைக் கேப்பசிட்டபின் மாத்திரையாகவே கொடுத்தார்கள்: இரண்டு வாரம் மாத்திரை, ஒரு வாரம் ஓய்வு. உள்ளங்கை, பாதம் சிவந்து தோல் உரியும். தேங்காயெண்ணெய் தடவினோம், ரொம்ப உரிந்த சுற்றில் டாக்டரே அளவைக் குறைத்தார்.

2021 மார்ச்சில் குடலை உள்ளே வைத்து மூடினார்கள். ஏப்ரலில் இரண்டாம் அலை வந்தது. ஒரு மாதம் தள்ளியிருந்தால் எங்களுக்குப் படுக்கையே கிடைத்திருக்காது. மூடிய முதல் சில வாரம் ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்து தடவைகூடப் போக வேண்டியிருக்கும். கக்கூஸுக்குப் பக்கத்து அறையில் படுக்கை போடுங்கள். மெல்ல மெல்லக் குறையும்.

சிஇஏ முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, வருஷம் ஒரு சிடி, முதல் வருஷ முடிவில் கொலோனோஸ்கோப்பி என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கூடவே சர்ஜன் என்னைப் பார்த்து, "உங்க வயசு என்ன?" என்றார். நாற்பத்து மூன்று. பெற்றோருக்கு இருந்தால் பிள்ளைகள் நாற்பது வயதிலேயே கொலோனோஸ்கோப்பி பார்த்துவிட வேண்டும் என்றார். அம்மாவின் கணக்கிலேயே குறியாக இருந்ததில் என் பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. தங்கைக்கும் போன் போட்டுச் சொன்னேன்.

2022 பிப்ரவரியில் போனேன். முந்தின ராத்திரி, அதே காம்பவுண்டு, அதே கக்கூஸ். அம்மா படியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். கையில் என் நோட்டு. கால் மணிக்கு ஒருமுறை டம்ளரை நீட்டி, "குடிய்யா, இன்னும் ஆறு டம்ளர் கெடக்கு" என்று பேனாவால் டிக் போட்டாள்.